பிரேக் பார்த்தவன்

திரிசூலம் கல்குவாரிப் பாதையின் உச்சியில் அசரியா வேனை நிறுத்தினான். கீழே நெட்டுக்குத்தாக இறக்கம். பக்கத்து சீட்டில் ஒர்க்‌ஷாப் முதலாளி சம்பந்தம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

மெல்லட்டும். இன்னும் கொஞ்ச நேரம்தான். இன்றைக்கு இந்த ஆளை அலற வைக்காமல் விடுவதில்லை என்று அசரியா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பின்னே என்ன? இது பள்ளிக்கூட வேன். விடிந்தால் சேலையூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இதில்தான் நெருக்கியடித்து ஏறும். நாலு சக்கரத்திலும் பிரேக் லைனிங் ரிவெட் வரைக்கும் தேய்ந்து கிடந்தது. அதைக் காலையில் எடுத்துக் காட்டியதற்கு சம்பந்தம் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"புதுசெல்லாம் வாணாம். எமரி பேப்பர் போட்டுத் தேச்சு அதையே மாட்டு. பசங்க இன்னா கல்லு மூட்டையா, வெயிட்டா இருக்க?"

மனுஷன் பேசுகிற பேச்சா இது? ஸ்பானரை அவன் மண்டையிலேயே போடலாம் போல வந்தது அசரியாவுக்கு. போட்டால் வேலை போய்விடும்.

பாதி ஆயுசைப் பட்டாளத்து வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்தே கழித்தவன் அவன். எண்பத்தொன்பதில் வெளியே வந்து ஏறி இறங்கிய கம்பெனியெல்லாம், மிலிட்டரியா, வாங்க வாங்க என்று உட்கார வைத்து, ஒரு விசிலையும் தொப்பியையும் கொடுத்து கேட்டில் நிற்கச் சொன்னது. வருகிற போகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டுமாம். அவனை என்ஜினைத் தொடவிட்ட ஒரே ஆள் இந்தப் பாவி சம்பந்தம்தான்.

அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டான். இந்த ஸ்கூலின் முதல் வேனுக்கும் சம்பந்தம் பழசையே மாட்டச் சொன்னான். அடுத்ததற்கும் அதே கதை. ஸ்கூலில் போய்ச் சொல்லலாமென்றால், அங்கே வேன் விவகாரம் பார்க்கிறவனே சம்பந்தத்தின் மச்சான்.

சரிங்க மொதலாளி என்று அசரியா தலையாட்டுவான். சம்பந்தம் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருவதற்குள், தன் பென்ஷனில் வாங்கி ஒளித்து வைத்திருந்த புது லைனிங்கை அடித்து மாட்டிவிடுவான். பென்ஷன் ஏன் குறைகிறது என்று சாராள் கேட்டால் என்னத்தையாவது உளறுவான். கட்டின பெண்டாட்டியிடம் பொய் சொல்ல வைத்துவிட்டானே படுபாவி என்று வயிறு எரியும்.

இன்றைக்கும் புதுசுதான் மாட்டினான். ஆனால் சும்மா விட மனசு வரவில்லை.

சிக்கிமில் அவன் யூனிட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிரேக் பார்த்தவன் எவனோ, டிரையலுக்கு அவன்தான் முன்சீட்டில் உட்கார வேண்டும். இன்னொருத்தன் ஓட்டுவான். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். வேலையை ஒழுங்காகச் செய்தானா ஏமாற்றினானா என்பது முதல் வளைவிலேயே அவன் முகத்தில் தெரிந்துவிடும்.

பழசை மாட்டச் சொன்னவன் சம்பந்தம். அப்படியென்றால் முன்சீட்டில் அவன்தானே உட்கார வேண்டும்? அலறட்டும். ஐயா சாமி, புதுசே போட்டுடு என்று அந்த வாயாலேயே வரட்டும்.

"நீங்க சொன்னாமாரி பழசையே மாட்டிக்கீறேன், மொதலாளி" என்று சொல்லிவிட்டு அசரியா ஹேண்ட் பிரேக்கை இறக்கினான்.

வேன் உருண்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டான். கல்தூள் பறந்தது. ஜல்லி வேனின் அடியில் பட்பட்டென்று தெறித்தது. கீழே வளைவில் ஒரு கல் லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

ஓரக்கண்ணால் பார்த்தான். சம்பந்தம் ஜன்னல் வழியாக எச்சிலைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டான்.

இன்னும் கொஞ்சம் விட்டான். லாரி கிட்டே வந்துவிட்டது. ஸ்டியரிங்கில் அசரியாவின் கைதான் வியர்த்து வழுக்கியது. தாங்க முடியாமல் பிரேக்கை மிதித்தான். லாரிக்கு ஒரு முழம் முன்னால் வேன் கப்பென்று நின்றது.

"முடிஞ்சிதா? திருப்பு, டீ சாப்ட்லாம்" என்றான் சம்பந்தம்.

"பயமா இல்லியா?" அசரியா கேட்டான்.

"எனக்கு இன்னா பயம், நீ போட்டது புது லைனிங்காச்சே. மொத வேன்லயே டிரம்மக் கயட்டிப் பாத்துட்டேன். பழச மாட்ட உன் கை ஒத்துக்காது மிலிட்டரி. அது தெரிஞ்சிதான் உன்ன வேலைக்கு வெச்சேன்." சம்பந்தம் இன்னொரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினான். "ஸ்கூலுக்கும் புதுசுன்னுதான் பில்லு போட்டுத் துட்டு வாங்கறேன். அதுல இன்னா பொய் கீது?"

இத்தனை நாளும் இந்த நாயை ஏமாற்றுகிறோம் என்றல்லவா அசரியா நினைத்திருந்தான்.

சாவியைப் பிடுங்கி சம்பந்தத்தின் மடியில் எறிந்தான். நீயும் உன் ஒர்க்‌ஷாப்பும் நாசமாய்ப் போங்க என்று கத்திவிட்டு இறங்கி நடந்தான். கேட்டில் நின்று சல்யூட் அடித்தாலும் அடிப்பானே தவிர, இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

சம்பந்தம் அவனைக் கூப்பிடவில்லை. ஜன்னலில் கையை ஊன்றி, சாவகாசமாகச் சொன்னான்.

"நாளைக்கு எல்.கே.ஜி. பசங்க வேன் வருது. நீ வரலன்னா போ, வேற எவனாச்சும் பழசையே மாட்டிட்டுப் போறான்."

திரிசூலம் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோதும் அசரியாவுக்கு மூச்சு வாங்கியது. வீட்டுக்குப் போகிற தாம்பரம் வண்டி வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவன், காலை எடுத்துவிட்டான். வண்டி போய்விட்டது.

சம்பந்தத்தையும் அவன் பரம்பரையையும் ஒருத்தர் விடாமல் திட்டிக்கொண்டே எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய், டவுனுக்குப் போகிற பீச் வண்டியில் ஏறினான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் லைனிங் விற்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளைச் சீக்கிரமே அடைத்துவிடுவார்கள்.