கெசியா கூடுதலாகப் போட்ட குறி

லண்டனில் காலரா வந்த அந்த ஆகஸ்டில், தேம்ஸ் தென்கரைக் கடைகளெல்லாம் ஈயோட்ட, சாவுப் பதிவாளர் டில்லியின் வீட்டு முன்னறையில் மட்டும் நிற்க இடமில்லை.

பிணம் குளிப்பாட்டும் கெசியா தினமும் வருவாள். சாகும்போது பக்கத்தில் இருந்தவர் வந்து சொல்ல வேண்டும் என்பது விதி. முக்கால்வாசிப் பேருக்கு அவள்தான் பக்கத்தில் இருந்தாள். ‘காலரா கண்டு பதினான்கு மணி நேரத்தில் சாவு’ என்று டில்லி பதிவேட்டில் அழகாக எழுதி வாசித்துக் காட்டுவார். எழுதத் தெரியாத கெசியா வரியின் கடைசியில் பெருக்கல் குறி போடுவாள்.

வியாழக்கிழமை இரண்டு சாவு சொன்னவள், மூன்று குறி போட்டாள்.

"ஏம்மா, மூணாவது வரி காலியால்ல இருக்கு?"

"நாளைக்கும் நடக்க முடியாதுங்கய்யா, காலு ரெண்டும் விட்டுப்போச்சு. பேரை நீங்களே எழுதிக்குங்க. உங்களுக்குத் தெரிஞ்ச பேருதான்."

மாடியில் அவருடைய நாலு வயது மகள் டார்கஸ் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

பதிவேட்டுத் தாளைக் கிழித்தால் வேலை போய்விடும். டில்லி கெட்டிக்காரர். அடுத்து வந்த படகுக்காரனின் செத்துப்போன தாயை அந்த வரியில் எழுதிவிட்டார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே சார். இங்க யாரு கிறுக்கி வச்சது?"

"பக்கத்துல போடுய்யா, பரவால்ல."

அவன் போனதும் அடுத்த வரியைப் பார்த்தார். அங்கே ஒரு பெருக்கல் குறி, மை காயாமல் இருந்தது.

"ஏங்க, குழந்தைக்கு வயித்தால போகுது, மேல வாங்களேன்!" என்று மனைவி கூப்பிட்டாள்.

டில்லி மேலே போகவில்லை. பேனாவும் கையுமாக வாசலுக்கு ஓடி, "வேற யார் வீட்டுலயாவது சாவு இருக்கா? சீக்கிரம் வாங்கய்யா!" என்று தெருவைப் பார்த்துக் கூவினார்.