குழாயடிக் கேள்வி

சுண்ணாம்பு பூசிய ஜன்னல் கண்ணாடியில் வெயில் மோர் நிறமாகி ஆபரேஷன் அறைக்குள் இறங்குகிறது. தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் கை கருகியவன் மேசைமேல் ஈதர் மயக்கத்தில் கிடக்கிறான். அவன் விரல்களில் கத்தி வைக்கப்போவது அறுவைப் பயிற்சிக்கு வந்திருக்கும் சுலைகா. பெரிய டாக்டர் மேனன் அவளை நம்பிக் கொடுத்திருக்கும் முதல் கேஸ் இது. அவள் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். போன வருஷம் ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினார். சுலைகா குழாயடியில் நின்று கைகளைத் தேய்க்கிறாள். பின்னால் ரப்பர் ஏப்ரனுக்கு நாடா கட்டும் ஆயா பஞ்சம்மாளின் விரல்கள் இடுப்பருகே தயங்கி நிற்கின்றன. இவள் எதைத் தடவிப் பார்க்கிறாள்?

“டாக்டரம்மா, முளுகாமயா இருக்கீக?” தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி அது மேனனுக்கும் கேட்டுவிடுகிறது. “எந்தா, கை கழுவலையா?” என்கிறார் அந்த மலையாளத்துக்காரர். “ஆமாங்கய்யா, முளங்கை வரைக்கும் இன்னொருக்கா களுவச் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அம்புட்டு அவசரம்!” பஞ்சம்மாளின் முகமூடி சிரிப்பில் அசைகிறது. சுலைகா மறுபடி சோப்பை எடுக்கிறாள். இப்போது காப்பாற்றியவள் சாயங்காலம் யாரிடம் போய்ச் சொல்வாள்? மேனன் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “பஞ்சம்மா, டாக்டருக்கு ஒரு ஸ்டூல் போடு,” என்கிறார் மெதுவாக. இந்த அறையில் யாரும் உட்கார்ந்து கத்தி பிடித்ததில்லை. முகமூடிக்கு மேலே தெரியும் அவர் கண்களில் சுலைகாவால் ஒன்றும் படிக்க முடியவில்லை. “வேண்டாம் சார்,” என்கிறாள், குழாயை முழங்கையால் தள்ளி மூடியபடி. “நின்னே செய்றேன்.”