பதிலாளுக்கு ஒரு நாள் விடுப்பு

ஜெரால்டுடைய பதிலாள் விடுப்பு கேட்டிருந்தது. "அதே டிராகன், அதே குகை. சலித்துவிட்டது" என்று காரணமும் சொல்லியிருந்தது. ஆட்டத்தோடு அலுப்பையும் அவனைப் பார்த்தே கற்றுக்கொண்ட மென்பொருள் அது. அவனால் மறுக்க முடியவில்லை.

இணைய விளையாட்டின் கடைசிக் கட்டத்தை எட்டியபின் தினமும் அதே சண்டைதான் என்றானதால், போன வருடம் தன் இடத்தில் ஆட அதை அமர்த்தியிருந்தான். இன்று ஆள் குறைந்தால் அணியின் முதலிடம் போய்விடும். ஹெட்செட்டைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு அவனே போனான்.

குகை வாசலில், கல்லூரி நண்பன் செழியனின் வீரன் நின்றிருந்தான். அதுவும் பதிலாளாகத்தான் இருக்கும் என்று ஜெரால்டு பேசாமல் வாளை உருவினான். அப்போது அந்த வீரன் தும்மினான். மென்பொருள்கள் தும்முவதில்லை.

"ஏலே செழியா, நீயா?"

"என் ஆளும் லீவு போட்டுட்டுலே. ஒங் கொரலக் கேட்டு எம்புட்டு நாளாச்சு!"

"வீட்ல எல்லாரும் எப்பிடி இருக்காவ?"

"மகளுக்குப் பல்லு முளைக்கு."

"மகளா? சொல்லவே இல்லியேலே!"

"சொன்னேனே. வாழ்த்துகள்னு சொன்னியே... ஓ, அது ஒன் ஆளா?"

இருவரும் பாறைமேல் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். டிராகன் காத்திருந்து அலுத்துப்போனது. முதலிடம் போனதை இருவரும் கவனிக்கவில்லை.

விளையாட்டை நடத்தும் நிறுவனம் கவனித்தது. அடுத்த வாரமே புதிய கட்டம் வந்தது: நண்பனோடு தினமும் இருபது நிமிட அரட்டை, தவறினால் புள்ளி குறையும்.

செழியன் மகளுக்கு இப்போது எத்தனை பல் என்பது ஜெரால்டின் பதிலாளுக்குத் தெரியும்.