ஒட்டு நகங்கள்

விரல்களை நீட்டச் சொன்னாள் பார்லர் பெண். மோதிரக்காரர் பத்தையும் நீட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

நகைக்கடையில் மோதிரப் பிரிவில் நிற்பதால் அவருக்கு அந்தப் பெயர். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே அத்தனை விளக்குகளும் வைரத்துக்காகப் போட்டவைதான். ஆனால் அவை வைரத்தைக் காட்டிய அதே விசுவாசத்தோடு, கடித்துத் துப்பிய அவருடைய கட்டைவிரலையும் காட்டித் தொலைத்தன.

"இன்னொரு தடவை இந்த விரலோட மோதிரத்தைக் காட்டினா வேலையை விட்டு நின்னுடச் சொல்லிட்டாரும்மா முதலாளி" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி. அவருடைய நகங்களைப் பற்றிப் பேசும் உரிமை கல்யாணமான நாளிலிருந்து அவளிடம்தான் இருக்கிறது. 'வாயிலேர்ந்து கையை எடுங்க' என்று அவள் சொல்லாமல் ஒரு பொழுது போனதில்லை.

பார்லர் பெண் பாடத்தை ஆரம்பித்தாள். அரத்தை ஒரே பக்கமாகத்தான் தேய்க்க வேண்டுமாம். நகத்தின் வேரில் இருக்கும் தோலை வெட்டவே கூடாதாம். படுக்கும்போது எண்ணெய் தடவ வேண்டுமாம். கடைசியாக மேலே ஒரு கசப்புப் பூச்சு. வாயில் வைத்தால் ஜென்மத்துக்கும் மறக்காதாம்.

ஒவ்வொன்றுக்கும் மனைவி தலையாட்டினாள், தானே எழுதிக் கொடுத்த வசனம் மாதிரி. மடியில் அவளுடைய பத்து நகங்களும் இளஞ்சிவப்பில் பளபளத்துக்கொண்டிருந்தன. எல்லாம் பசை போட்டு ஒட்டியவை.

அந்த ஒட்டு நகங்கள் மேல் அவருக்கு ஒரு பழைய கடுப்பு உண்டு.

முன்பு வேலை பார்த்த கடையை மூடியபோது அவர் ஒரு வருடம் வீட்டில் சும்மா கிடந்தார். சரியாக அப்போது பார்த்துத்தான் அம்மணிக்கு அலங்கார ஆசை வந்தது. பால் வாங்கவே யோசித்த வீட்டில் பொய் நகம்! ஞாயிற்றுக்கிழமை வந்தால் குளியலறையைத் தாழிட்டுக்கொள்வாள். குழாய் அது பாட்டுக்கு ஓடும். பழசைக் கழற்றி, புதுசை ஒட்டிக்கொண்டு மகாராணி வெளியே வருவதற்குள் இவருக்குப் பசியே அடங்கிவிடும்.

சம்பாதிக்காதவன் கேள்வி கேட்கக் கூடாது என்று அவர் வாயில் விரலை வைத்துக்கொண்டார். வைத்த விரலை முன்னைவிட அதிகமாகக் கடித்தார். வேலை கிடைத்த பிறகும் அவர் கடிப்பதை விடவில்லை, அவள் ஒட்டுவதை விடவில்லை.

"அக்கா, உங்களுதும் ஓரத்துல தூக்கியிருக்கே. ஈரம் உள்ள போனா சொந்த நகம் கெட்டுடும். கழட்டிடலாமா?"

"வேணாம்மா. இன்னைக்கு இவருக்கு மட்டும்தான்."

அவசரமாகச் சொன்னாள். கைகள் புடவைக்குள் போய்விட்டன.

ஆகா, என்றது அவருடைய மனசு. இத்தனை வருடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு வட்டியோடு திருப்பித் தரக் கடவுளாகப் பார்த்துக் கொடுத்த சந்தர்ப்பம்.

"கழட்டும்மா! பாடமெல்லாம் எனக்கு மட்டும்தானா?" என்று அவளுடைய இரண்டு கைகளையும் தானே பிடித்து இழுத்து முன்னால் வைத்தார். வெளியாள் முன்னால் அவளால் முரண்டு பிடிக்க முடியவில்லை.

பிய்த்து எடுத்தால் அடியில் இருப்பதும் உரிந்து வருமாம். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பையும் சில சொட்டு எண்ணெயையும் கலந்து விரல்களை ஊறப் போட்டாள் பெண். அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டிய நையாண்டிகளை மனசுக்குள் வரிசையாக அடுக்கினார். நல்ல நல்ல நையாண்டிகள்.

முதல் நகம் கழன்று கிண்ணத்தின் அடியில் விழுந்தது. அப்புறம் இரண்டாவது.

பார்லர் பெண் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள்.

அடியில் முழு நகமே இல்லை. பாதிக்கு மேல் கடித்துத் தின்று, சதை பிதுங்கிக்கொண்டு நின்றது. கட்டைவிரல் ஓரத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவருடைய விரல்கள் எவ்வளவோ தேவலை.

அவருக்கு அந்தக் குழாய்ச் சத்தம் ஞாபகம் வந்தது. அவ்வளவு நேரம் ஓடுமே.

அது ஆரம்பித்ததும் அவருக்கு வேலை போன வருடத்தில்தான்.

மனைவி அவரைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நகச்சாயப் படத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட அவளுடைய வலது கை கிண்ணத்திலிருந்து எழுந்தது. அவளுக்கே தெரியாமல் அது நேராக வாய்க்குப் போனது.

வாயிலேர்ந்து கையை எடு. அவருக்கும் ஒரு தடவை அதைச் சொல்ல வேளை வந்திருந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

காலை இறக்கி, நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு, தன் பத்து விரல்களையும் மேசைமேல் பரப்பினார்.

"அந்தக் கசப்பை முதல்ல எனக்குப் பூசும்மா. நல்லா கெட்டியாவே பூசு. என் வேலை நிலைச்சாத்தான் இவ நகம் வளரும்."