அடியோடு அழிக்க ஒரு மனு

வக்கீல் அறையில் அண்ணன் என் தோளில் கை போட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"என் பொண்ணுக்கு வரன் வர்ற நேரம் சார். என் தம்பி மேல இருக்கிற திருட்டு கேஸை அடியோட அழிச்சிடணும்."

"தண்டனையை முடிச்சுட்டார். மனு போட்டா ஃபைலையே அழிச்சிடுவாங்க," என்றார் வக்கீல்.

"பூட்டுல எடுத்த கைரேகையும் போயிடுமா சார்?" என்று கேட்டேன்.

"எல்லாமே போயிடும்."

"அப்ப வேணாம். நானே குற்றத்தை ஒத்துக்கிட்டதால அதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலை. இப்பப் பார்க்கச் சொல்லுங்க."

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குப்பா?" என்றார் வக்கீல்.

"யாருக்காகப் பழியை ஏத்துக்கிட்டேனோ, அந்த ஆள் ஜெயில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. வீட்டுல என் பங்கையும் சுருட்டிக்கிட்டார்."

அண்ணன் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.