மழையளவு புரோகிராம்

மூன்று பகலில் இருபது மணி நேரம், ஏற்காட்டு மலையில் நாகலூர் எஸ்டேட் ஆபீஸுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் முன் தேவகியும் சீனியர் சகுந்தலாவும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மழையளவு புரோகிராம் ஓடாவிட்டால் தேவகியின் வேலை போய்விடும். தேவகி டைப் செய்தாள். சகுந்தலா திரையைப் பார்த்துத் தவறு பிடித்தாள். காப்பி தினமும் ஒரு டம்ளர்தான் வந்தது.

"மாசம் முடிஞ்சதும் கூட்டுத்தொகையைப் பூஜ்யமாக்கு கண்ணு. இல்லேன்னா ஏற்காட்டுக்குக் கடலே வந்துரும்!"

தேவகி சிரித்தாள். ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால் அக்கா எழுந்து போய்விடுவாளோ என்று பயம்.

வெள்ளி மதியம் புரோகிராம் பிழையில்லாமல் ஓடியது.

"நாளைக்கும் வரட்டுமா கண்ணு?"

தேவகிக்குக் கண் நிறைந்தது.

"போதுங்க அக்கா. நொம்ப உதவி பண்ணிட்டீங்க. ஞாயித்துக்கிழமையே உங்களை அடக்கம் பண்ணிட்டோமுங்க."