வேலியோரத்து வேர்

"ஏய் திருட்டுக் கழுதை! என் மண்ணுல கைய வெச்ச, கைய ஒடிச்சுப்புடுவேன்!"

டெல்மர் போட்ட சத்தத்தில் கோழியெல்லாம் கொட்டகைக்குள் ஓடிவிட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் வெல்டா கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினாள். அறுபது வயசு. அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி.

சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்த மருமகள் மிஸ்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி இந்தக் கென்டக்கி மலைக்கு அவள் வந்து ஆறு மாசம்தான் ஆகிறது.

"சாசஃப்ராஸ் மரத்து வேருதானே மாமா? அதை மாடு கூடத் தின்னாது. எடுத்துட்டுப் போகட்டுமே!"

"என் வேலிக்குள்ள இருக்கறது என்னுது."

"அவங்களுக்கு அதுதானே பொழைப்பு?"

"உன் வேலையைப் பாரு."

அந்த வேரைக் காய்ச்சித்தான் வெல்டா ரூட் பீர் போடுவாள். பேர்தான் பீர், போதை கிடையாது. வேர்ச்சாற்றில் சோளத்தட்டைப் பாகு, கொஞ்சம் ஈஸ்ட். பாட்டிலில் அடைத்து நாலு நாள் வைத்தால் நுரை மூக்கில் ஏறும். சனிக்கிழமை ரோட்டு வளைவில் கொண்டுவந்து வைத்தால் மத்தியானத்துக்குள் காலி. புருஷன் செத்த பிறகு அவளுக்கு வேறு வருமானம் இல்லை.

கடை எசென்ஸ் ஊற்றிப் போடச் சொன்னால் சீறுவாள். "அதைக் குடிக்கிறதுக்குப் பல் டாக்டர்கிட்டப் போயி வாய் கொப்புளிச்சுட்டு வரலாம்!"

சாசஃப்ராஸ் மண்டிக் கிடப்பதோ டெல்மர் பக்கம் மட்டும்தான்.

"பதினோரு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. நடுவுல போயி நிக்காதே," என்றான் மிஸ்டியின் புருஷன் ட்ராய். அவனுக்கு எதிலும் நடுவில் நிற்கப் பிடிக்காது. சோறு வேளையைத் தவிர.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெல்மருக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிவிட்டது. கிசுகிசுக்கத்தான் முடிந்தது; கத்தினால் காற்றுதான் வந்தது.

"இன்னிக்காவது சர்ச்சுக்கு வர்றீங்களா மாமா?"

"நான் வந்துட்டா வேலியை யாரு பாக்கறது?"

சாமியைவிட வேர் பெரிசாப் போச்சா இந்த மனுஷனுக்கு? மிஸ்டி முடிவு பண்ணிவிட்டாள். தலைவலி என்று சொல்லி ட்ராயை மட்டும் அனுப்பினாள். மண்வெட்டி, சாக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு நேராக வேலிக்கு நடந்தாள்.

அங்கே மாமனார் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நானே தோண்டப் போறேன், மாமா. நானே கொண்டுபோய் வெல்டா அத்தைகிட்டக் குடுக்கப் போறேன். என்ன பண்ணுவீங்க?"

டெல்மர் பதறி எழுந்தார். "வேண்டாம்மா! குடுத்துக் கெடுத்துடாதே!"

"உங்களுக்கு இருக்கறது நெஞ்சா, கல்லா?"

கேட்ட பிறகுதான் அவர் கையைப் பார்த்தாள். ஒரு பழைய சாக்ஸ். முள்கம்பியில் முள் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் எல்லாம் துணி சுற்றியிருந்தது. கீழே மண் பொலபொலவென்று கிளறிக் கிடந்தது. தடித்தடியாக வேர்கள் வெளியே தெரிந்தன. இழுத்தால் கையோடு வந்துவிடும்.

"என்ன மாமா இது?"

"போன வாரம் கையைக் கிழிச்சுக்கிட்டா."

மிஸ்டி குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்கப்பா நிலம் பூராவும் என் பேருக்கு எழுதிட்டுப் போயிட்டாரு. பாதியைத் தரேன்னேன். கேக்கல. 'நீ குடுத்தா ஒரு துரும்பு கூட வாங்க மாட்டேன்'னு அவரைப் பொதைச்ச எடத்துலயே சொல்லிட்டா. ரெண்டு தடவை வேரைக் கொண்டுபோய் அவ வாசல்ல வெச்சேன். ரெண்டு தடவையும் வேலிக்கு மேல வீசிட்டா." டெல்மர் இருமினார். "குடுத்தாத்தான் வாங்க மாட்டா. திருடினா எடுத்துப்பா."

சரிவில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

வெல்டா வந்தாள். கிளறிய மண்ணைப் பார்த்தாள். கம்பியில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். வீட்டுப் பக்கம் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. முகம் சுருங்கியது. கொண்டுவந்த பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"போயிடுவா. திட்டினாத்தானே திருட்டு," என்று டெல்மர் முனகினார். வாயைத் திறந்து பார்த்தார். காற்றுதான் வந்தது. மருமகளை ஒரு பார்வை பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அது.

மிஸ்டி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"யாருடி அவ, எங்க மண்ணுல கைய வெக்கிறது! கம்பியில துணியெல்லாம் காயப் போட்டிருக்கேன், அதையும் களவாண்டுட்டுப் போகவா வந்தே? வெக்கமா இல்ல?"

வெல்டா படக்கென்று குனிந்து ஒரு வேரைப் பிடித்து இழுத்தாள்.

டெல்மர் மருமகள் காதில் கிசுகிசுத்தார்.

"இன்னும் ரெண்டு கெட்ட வார்த்தை சேத்துக்கோ. அப்பத்தான் பெரிய வேராப் பாத்து எடுப்பா."